வீட்டின் மேல் வில்லங்கம்: அஞ்சி ஒதுங்காமல் சட்ட உதவியை நாடுங்கள்

‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. நெசவாளருக்கு வீடு என்பது உண்டு உறங்கும் இடம் மட்டும் அன்று. குழித்தறி பதிந்திருப்பதும், ஊடைக்குத் தார் சுற்றுவதும், நெய்த புடவையை மடித்து வைப்பதும் அந்த ஒரே கூரையின் கீழேதான். விவசாயிக்கும் அவ்வாறே. விதை நெல்லும் மண்வெட்டியும் கறவை மாடும் வீட்டை ஒட்டியே இருக்கின்றன. ஆகவே, நம் அங்கத்தினர் ஒருவர் வீட்டை இழப்பாராயின் தொழிலையும் உடன் இழக்கிறார் என்றே கொள்ளவேண்டும்.

அத்தகைய வீட்டின் மேல் ஒருவர் கடன் பாத்தியம் கொண்டாடி வழக்குத் தொடர்ந்தால் குடும்பத்தார் என் செய்வது? கடன் உண்மைதானா, கேட்கும் தொகை சரிதானா, எழுதிக் கொடுத்தவருக்கு வீடு முழுவதையும் எழுதிக் கொடுக்க உரிமை இருந்ததா என்னும் கேள்விகளுக்கு விடை காண்பது எங்ஙனம்? வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையெனில் யாரை நாடுவது? இவற்றை இயன்ற அளவு எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓர் அம்மையாரின் தகரப் பெட்டி

சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் ஆய்வுக்குச் சென்றிருந்தோம். ஊரின் பெயரும் ஆளின் பெயரும் இங்கு வேண்டா. அங்கத்தினர் வீடுகளில் தறிகளை நேரில் பார்வையிட்டு வருகையில், ஒரு வீட்டில் தறி ஓசையின்றிக் கிடந்தது. அவ்வீட்டு அம்மையாரின் கணவர் 2020ஆம் ஆண்டு காலமானார். அதன்பின் அம்மையாரே தறியில் அமர்ந்து குடும்பத்தைக் காத்து வந்தார்.

“பாவு தீர்ந்துவிட்டதா அம்மா? சங்கத்தில் நூல் கொடுக்கவில்லையா?” என்று கேட்டோம்.

“பாவு இருக்கிறது ஐயா. வீடே போகப்போகிறது, இனி நெய்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்” என்றார்.

பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினார். அதில் நீதிமன்ற அறிவிப்பு ஒன்று இருந்தது. அவர் கணவர் 2013இல் மகளின் திருமணத்திற்காகப் பக்கத்து ஊர்த் தனவந்தர் ஒருவரிடம் 1,50,000 ரூபாய் வாங்கி, வீட்டை ஈடாகக் காட்டி அடமானப் பத்திரம் பதிவு செய்து கொடுத்திருந்தார். பின்னர் நெய்த கூலியில் மிச்சம் பிடித்துச் சிறுகச் சிறுகத் திருப்பிக் கொடுத்து வந்தார். கணவர் இறந்தபின், 2022இல், அசலும் வட்டியும் முழுவதும் பாக்கி என்று கூறித் தனவந்தர் வழக்குத் தொடர்ந்தார். சம்மன் வந்தபோது அம்மையார் அதை வாங்க மறுத்துவிட்டார்.

“வாங்கினால்தானே ஐயா வழக்கு? வாங்காமல் திருப்பிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்று தெருவில் எல்லாரும் சொன்னார்கள்.”

இதுதான் நம் ஊர்களில் பலர் செய்யும் முதல் தவறு. நேரில் கொடுத்த சம்மனையோ தபாலில் வந்த சம்மனையோ வாங்க மறுத்தால், அது முறைப்படி சேர்ந்ததாகவே நீதிமன்றம் கொள்ளக்கூடும். பிரதிவாதி வராத காரணத்தால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு ஆகிவிடும். அம்மையாருக்கும் அப்படியே நேர்ந்தது. அவர் கையில் இருந்தது, வீட்டை ஏலத்திற்குக் கொண்டுவரும் இறுதித் தீர்ப்பாணைக்கான அறிவிப்பு.

அதே பெட்டியின் அடியில், எண்ணெய்க் கறை படிந்த ஒரு சிறு நோட்டுப் புத்தகமும் கிடந்தது. தேதி, தொகை, அதன் எதிரே தனவந்தரின் சுருக்கொப்பம் என்று பக்கம் பக்கமாக வரவு எழுதப்பட்டிருந்தது. அதன் மதிப்பை அம்மையார் அறிந்திலர். நமக்கோ வெட்கமே மேலிட்டது. முந்திய ஆண்டும் நாம் இதே திண்ணையில் அமர்ந்து தறிக் கணக்குப் பார்த்துச் சென்றவர்களே. ‘வேறு இடர்ப்பாடு ஏதும் உண்டா?’ என்று அன்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், தீர்ப்பு ஆகுமுன்பே வழி காட்டியிருக்கலாம். சங்க அலுவலகத்திலும் அவர் ஒருமுறை இதைச் சொல்லியிருக்கிறார். ‘இது சங்கத்துக் கடன் அன்று’ என்ற பதிலே அவருக்குக் கிடைத்தது.

வில்லங்கத்தின் வகையை அறிக

வீட்டின் மேலுள்ள பாத்தியங்கள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. வகை தெரிந்தால்தான் தற்காப்பும் தெரியும்.

முதலாவது, பதிவு செய்த அடமானம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, 100 ரூபாய்க்கோ அதற்கு மேலோ உள்ள தொகைக்கு எழுதப்படும் அடமானம், கடன் பெறுபவரின் கையொப்பமும் இரண்டு சாட்சிகளின் சான்றொப்பமும் பெற்றுப் பதிவு செய்யப்பட்டிருக்கவேண்டும். வெறும் கைச்சீட்டில் ‘வீடு ஈடு’ என்று எழுதி வாங்கினால் கடன் கடனாக நிற்கும். வீட்டின் மேல் அடமானம் ஏற்படாது.

இரண்டாவது, அசல் பத்திரங்களை ஒப்படைத்துப் பெறும் கடன். வங்கிகள் பெரும்பாலும் இம்முறையையே கையாளுகின்றன. அடமானப் பத்திரம் எழுதாமலே, கடனுக்கு ஈடாக வைக்கும் கருத்துடன் உரிமைப் பத்திரங்களை ஒப்படைத்தாலே இவ்வகையில் அடமானம் ஏற்பட்டுவிடும். அந்த ஒப்படைப்பைக் குறித்து எழுதப்படும் ஆவணத்தையும் பதிவு செய்யவேண்டும் என்று 2012இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு முந்திய ஒப்படைப்புகள் வில்லங்கச் சான்றில் காணப்படாமல் இருத்தல் கூடும். ஆகையால், ‘அசல் பத்திரம் எங்கே?’ என்னும் கேள்வி மிக முக்கியமானது.

மூன்றாவது, பொறுப்பு. அடமானம் எழுதாமலே சட்டத்தினாலோ உடன்படிக்கையினாலோ சொத்தின் மேல் ஒரு தொகைக்குப் பொறுப்பு ஏற்படுவது உண்டு. விற்றவருக்குக் கிரயத்தொகையில் பாக்கி நின்றால், அவருக்கு அச்சொத்தின் மேல் பொறுப்பு உண்டு. நீதிமன்றம் ஜீவனாம்சத் தொகைக்கு வீட்டைப் பொறுப்பாக்குவதும் உண்டு.

நான்காவது, ஜப்தி. கைமாற்றுக் கடனுக்கோ புரோநோட்டுக்கோ தீர்ப்புப் பெற்றவர், அதை நிறைவேற்ற வீட்டை ஜப்தி செய்யக் கோருவார். இவ்விடத்தில் நம் அங்கத்தினர் அறியவேண்டிய பாதுகாப்பு ஒன்று உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, விவசாயி, தொழிலாளி, வீட்டு வேலையாள் ஆகியோர் தாமே குடியிருக்கும் சொந்த வீட்டையும், கைவினைஞரின் தொழிற்கருவிகளையும், விவசாயியின் உழவுக் கருவிகளையும் ஜப்தியிலிருந்து விலக்கியுள்ளது. ஆனால் வீட்டையே அடமானமாக எழுதிக் கொடுத்து, அந்த அடமானத்தின் பேரில் தீர்ப்பாகியிருந்தால் இவ்விலக்குத் துணை செய்யாது. தம் நிலை இவற்றுள் எதில் அடங்கும் என்பதை வக்கீலிடம் கேட்டுத் தெளிதல் வேண்டும்.

முதலில் சேர்க்கவேண்டிய காகிதங்கள்

வக்கீலிடம் செல்லுமுன் காகிதங்களைத் திரட்டிக் கொள்ளுதல் நன்று. சார் பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றும், அதில் காணும் அடமானப் பத்திரத்தின் சான்றிட்ட நகலும் பெறுங்கள். பதிவுத் துறையின் இணையதளத்திலும் வில்லங்க விவரத்தைப் பார்க்கலாம். வீடு குடும்பத்திற்கு வந்த வழியைக் காட்டும் கிரயப் பத்திரம் அல்லது பாகப் பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீதுகள், இறந்தவர் இருப்பின் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் தேவை. நீதிமன்றத்திலிருந்து வந்த காகிதம் ஒவ்வொன்றையும் உறையுடன் வைத்திருங்கள். உறையின் மேலுள்ள தபால் முத்திரைத் தேதி ஒரு வழக்கின் போக்கையே மாற்றவல்லது.

எல்லாவற்றிலும் முக்கியம், பணம் கொடுத்ததற்கான சான்று. ரசீது, வங்கிக் கணக்குப் புத்தகம், வரவு எழுதிய நோட்டு ஆகிய எதனையும் அற்பம் என்று எறிந்துவிடலாகாது. அம்மையாரின் எண்ணெய்க் கறை படிந்த நோட்டுப் போலவே, குடும்பத்தார் அறியாத காப்பு ஒவ்வொரு பெட்டியிலும் இருத்தல் கூடும்.

எந்த மன்றம், எத்தனை நாள்?

கடன் கொடுத்தவர் யார் என்பதைப் பொறுத்து வழக்கு நடைபெறும் இடம் மாறுபடும்.

தனியாரின் அடமானமாயின் உரிமையியல் நீதிமன்றமே இடம். சம்மன் கிடைத்த 30 நாட்களுக்குள் எதிருரை தாக்கல் செய்தல் வேண்டும். தக்க காரணம் காட்டினால் நீதிமன்றம் 90 நாள் வரை இடம் தரலாம். ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகிவிட்டால், அதனை நீக்கக் கோரும் மனுவைத் தீர்ப்பு நாளிலிருந்து 30 நாட்களுக்குள் போடவேண்டும். சம்மன் முறைப்படி சேராதிருந்தால், தீர்ப்பை அறிந்த நாளிலிருந்து அந்த 30 நாள் கணக்காகும். காலம் கடந்திருந்தாலும் போதிய காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்குமாறு மனு செய்யலாம். ஆனால் ஒவ்வொரு நாள் கழிவும் வழக்கைக் கடினமாக்கும்.

அடமான வழக்கில் தீர்ப்பான உடனே வீடு ஏலம் போய்விடுவதில்லை. முதலில் ஆரம்பத் தீர்ப்பாணை பிறக்கும். அதில் பணம் கட்டுவதற்கு ஆறு மாதம் வரை தவணை குறிக்கப்படும். அத்தவணை தவறிய பின்னரே இறுதித் தீர்ப்பாணையும் விற்பனையும். விற்பனை உறுதியாகும்வரை, உரிய தொகையைக் கட்டி வீட்டை மீட்க வழி உண்டு.

கூட்டுறவுச் சங்கத்துக் கடனாயின், தகராறு உரிமையியல் நீதிமன்றத்திற்குச் செல்வதில்லை. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 90ஆம் பிரிவின் கீழ் அது பதிவாளரிடம் செல்கிறது. நெசவாளர் சங்கங்களுக்குக் கைத்தறித் துறை அலுவலரே பதிவாளரின் அதிகாரத்தைச் செலுத்துகின்றனர். இந்த விசாரணைக்கு அழைப்பு வந்தால், ‘நம் சங்கம்தானே’ என்று அசட்டையாக இருந்துவிடலாகாது. அங்கும் அங்கத்தினர் கணக்கைக் கேட்கலாம். தம் ரசீதுகளைக் காட்டலாம். முடிவு பாதகமாயின் குறித்த காலத்திற்குள் மேல்முறையீடு செய்யலாம். நாம் கூட்டுறவுத் துறையைச் சேர்ந்தவர்களாயினும் ஒன்றை ஒளிவின்றிச் சொல்லவேண்டும். சங்கக் கணக்கிலும் பிழை நேர்வது உண்டு. பிழையைச் சுட்டும் அங்கத்தினர் சங்கத்தின் பகைவர் அல்லர்.

வங்கிக் கடனாயின் 2002ஆம் ஆண்டின் கடன் ஈட்டுச் சட்டம் பெரும்பாலும் குறுக்கிடும். அதன்படி வங்கி நீதிமன்றத் தீர்ப்பு இன்றியே வீட்டைக் கைப்பற்றும் அதிகாரம் உடையது. கூட்டுறவு வங்கிகளுக்கும் அச்சட்டம் பொருந்தும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதலில் 60 நாள் அவகாசம் தரும் அறிவிப்பு வரும். அந்தக் காலத்திற்குள் ஆட்சேபணை எழுதி அனுப்பினால் வங்கி 15 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். அதன்பின் வீட்டைக் கைப்பற்றும் நடவடிக்கை எடுத்தால், அந்நாளிலிருந்து 45 நாட்களுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனு செய்யவேண்டும். நம் மாநிலத்தில் சென்னை, கோயம்புத்தூர், மதுரை ஆகிய இடங்களில் இத்தீர்ப்பாயங்கள் உள்ளன. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், முழு பாக்கியையும் கட்டி வீட்டை மீட்பதானால் ஏல அறிவிப்பு வெளியாகுமுன்பே கட்டிவிடவேண்டும். அதன் பிறகு கையில் பணம் இருந்தும் பயனில்லாமற் போகலாம்.

இலவச சட்ட உதவி யாருக்கு?

‘வக்கீல் வைக்க வசதி இல்லை’ என்று சொல்லி வீட்டை இழந்தவர் பலர். அவர்களுள் பெரும்பாலோருக்குச் செலவின்றி வக்கீல் கிடைத்திருக்கும் என்பதே வருந்தத்தக்க உண்மை.

நலிந்தோர்க்கு இலவச சட்ட உதவி அளிப்பது அரசின் கடமை என்று கூறும் 39அ பிரிவு, 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் நமது அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. அதனை நடைமுறைப்படுத்த 1987இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 முதல் செயலுக்கு வந்தது. இதன்படி மாவட்டந்தோறும் மாவட்ட நீதிபதியின் தலைமையில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், வட்ட அளவில் வட்டச் சட்டப் பணிகள் குழுவும் இயங்குகின்றன. இவற்றின் அலுவலகம் பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும்.

பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், காவலில் உள்ளோர், வெள்ளம் வறட்சி போன்ற பேரிடரால் பாதிக்கப்பட்டோர் முதலியவர்களுக்கு இவ்வுதவி உண்டு. இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. மற்றவர்களுக்கு அரசு வகுத்த ஆண்டு வருமான வரம்பு பொருந்தும். ஒரு பெண்மணி பிரதிவாதியாகவோ பங்குதாரராகவோ இருந்தால், அவர் பெண் என்ற ஒரே காரணத்தினாலேயே உரிமை உடையவர் என்பதை நன்கு மனத்திற் கொள்ளவேண்டும்.

வெள்ளைத் தாளில் விண்ணப்பம் எழுதி, வழக்குக் காகிதங்களின் நகலுடன் கொடுத்தால் போதும். எழுதத் தெரியாதவருக்கு அங்கேயே உதவி செய்வர். வழக்குக்கு ஆதாரம் இருப்பதாகக் குழு கண்டால் வக்கீலை நியமிக்கும். வக்கீல் கட்டணம், நீதிமன்றக் கட்டணம், சான்றிட்ட நகல் பெறும் செலவு முதலியவற்றை ஆணைக்குழுவே ஏற்கும். நியமிக்கப்பட்ட வக்கீல் கட்சிக்காரரிடம் தனியே பணம் கேட்கலாகாது. கேட்டால் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். வழி தெரியாதவர்கள் 15100 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் கேட்டறியலாம்.

இது தர்மமாகத் தரப்படுவது அன்று. சட்டம் தந்த உரிமை. கூனிக் குறுகி நிற்க வேண்டுவதில்லை.

வக்கீலிடம் கேட்கவேண்டிய கேள்விகள்

வழக்கை வக்கீல் நடத்துவார் எனினும், குடும்பத்தார் சில கேள்விகளைத் தாமே கேட்டு விடை பெறுதல் நலம்.

ஒன்று, காலக்கெடு. அடமானப் பணத்தை வீட்டிலிருந்து வசூலிக்க, பணம் கொடுபட வேண்டிய நாளிலிருந்து 12 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரவேண்டும் என்று 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் கூறுகிறது. ஆனால் கெடு முடியுமுன் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையொப்பமிட்டாலோ, ஒரு பகுதியைக் கட்டி அதற்கு எழுத்துச் சான்று தந்தாலோ காலம் புதிதாகத் தொடங்கும். எனவே, ‘கணக்குக்காக ஒரு கையெழுத்து’ என்று யார் வந்து கேட்டாலும், வக்கீலைக் கேளாமல் கையொப்பமிட வேண்டா.

இரண்டு, தொகை. கட்டிய பணம் அனைத்தும் கழிக்கப்பட்டதா, வட்டி எவ்வாறு கணக்கிடப்பட்டது என்று வரி வரியாகப் பார்க்கவேண்டும். மிகை வட்டி வாங்குவதைத் தடை செய்ய நம் மாநிலத்தில் 2003இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டுள்ளது.

மூன்று, பங்குரிமை. பொதுவாக ஒருவர் தம் பங்கையே அடமானம் வைக்க இயலும். மேலே கூறிய அம்மையாரின் வீடு, அவருடைய மாமனார் சுயமாகச் சம்பாதித்து வாங்கியது. மாமனார் உயில் எழுதாமல் காலமானார். மாமியாரும் பின்னர்க் காலமானார். அவர்களுக்கு ஒரு மகனும் ஒரு மகளும். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. ஆகவே, கணவர் வீடு முழுவதையும் எழுதிக் கொடுத்திருந்தாலும், கையொப்பமிடாத நாத்தனாரின் பாதியை அந்தப் பத்திரம் கட்டுப்படுத்தாது. பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தாயின் கேள்வி சற்றுச் சிக்கலானது. குடும்பத்தின் அவசியத்திற்காகக் குடும்பத் தலைவர் வைத்த அடமானம் மற்றவரையும் கட்டுப்படுத்துதல் கூடும். அச்சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே பங்கு உண்டு என்பதைத் தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தமும், நாடு முழுவதற்கும் 2005ஆம் ஆண்டுத் திருத்தமும் நிலைநாட்டின.

செய்யலாகாதன சிலவும் உண்டு. வழக்கு நடக்கும்போது வீட்டை மைத்துனர் பேருக்கோ பிள்ளை பேருக்கோ எழுதி வைத்துவிட்டால் தப்பிக்கலாம் என்று யோசனை கூறுவோர் இருப்பர். வழக்கின் இடையே வாங்கியவரையும் வழக்கின் முடிவு கட்டுப்படுத்தும். கடன்காரரை ஏய்க்கும் கருத்துடன் எழுதிய பத்திரத்தை நீதிமன்றம் தள்ளிவிடலாம். நேர்மையான வழக்கும் அதனால் கறைபட்டுப் போகும். நீதிமன்ற வாயிலில் ‘நான் முடித்துத் தருகிறேன்’ என்று முன்பணம் கேட்கும் தரகர்களையும் அணுகவிடாதீர்கள்.

மக்கள் நீதிமன்றம்

இருதரப்பும் இணங்கினால் வழக்கை மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக் கொள்ளலாம். அங்கு எழுதப்படும் முடிவு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமமானது. அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. வாதி முன்னர்க் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திருப்பிக் கொடுக்கப்படும். ஆதலால் கடன் கொடுத்தவருக்கும் இணங்குவதில் ஆதாயம் உண்டு.

மேல்முறையீடு இல்லை என்பதனாலேயே எச்சரிக்கையும் வேண்டும். தவணைத் தொகை நம் கூலிக்குள் அடங்குமா, தவணை தவறினால் என்ன விளையும், பணம் தீர்ந்ததும் அசல் பத்திரத்தை யார் எந்த நாளில் தருவர், அடமானம் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தை யார் செலவில் பதிவு செய்வது என்பன எல்லாம் எழுத்தில் வந்த பிறகே கையொப்பமிடவேண்டும். ‘பிறகு பார்த்துக் கொள்ளலாம்’ என்று விட்ட ரசீதுப் பதிவுதான் அடுத்த தலைமுறைக்கு வழக்காக வந்து சேருகிறது.

சங்கங்கள் செய்யக்கூடியவை

சங்கம் வழக்கு நடத்தும் இடம் அன்று. ஆயினும் ஒரு காகிதத்தைப் படித்துச் சொல்லவும், கடைசித் தேதி எது என்று காட்டவும், வட்டச் சட்டப் பணிகள் குழுவின் முகவரியைத் தரவும் சங்கத்தால் இயலும். அம்முகவரியும் மேற்கூறிய தொலைபேசி எண்ணும் ஒவ்வொரு சங்க அலுவலகச் சுவரிலும் எழுதப்பட வேண்டும் என்பது நமது வேண்டுகோள். ஆணைக்குழுவுக்கு எழுதினால் சட்ட விழிப்புணர்வு முகாமும் நடத்தித் தருவர். பேரவைக் கூட்ட நாளில் ஒரு மணி நேரத்தை அதற்கு ஒதுக்கினால், அது வீண் போகாது. சங்கக் கடன் தீர்ந்த அங்கத்தினருக்கு அவருடைய பத்திரங்களைத் தாமதமின்றித் திருப்பிக் கொடுத்து, ரசீதைப் பதிவு செய்து தருவதும் காரியதரிசிகளின் பொறுப்பே.

அம்மையாரின் வழக்கு முடிந்த விதம்

அன்று மாலையே அம்மையாரை வட்டச் சட்டப் பணிகள் குழுவிற்கு விண்ணப்பம் எழுதச் செய்தோம். குழு ஒரு வக்கீலை நியமித்தது. 30 நாள் கெடு கடந்திருந்தமையால் தாமதத்தை மன்னிக்கும் மனுவும் போட வேண்டியிருந்தது. எதிர்த்தரப்புக்கு ஒரு சிறு செலவுத்தொகை கட்டவேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் நீதிமன்றம் தீர்ப்பை நீக்கியது. அத்தொகையைத் தம் கூலியிலிருந்தே கட்டினார். சம்மனை வாங்க மறுத்ததன் விலை அது.

நோட்டுப் புத்தகம் நீதிமன்றத்தில் வைக்கப்பட்டது. அதிலுள்ள சுருக்கொப்பங்கள் தம்முடையனவே என்று தனவந்தர் ஒப்புக்கொண்டார். நாத்தனாரும் வந்து தம் பங்கை எடுத்துரைத்தார். அதன்பின் வழக்கு மக்கள் நீதிமன்றத்திற்கு அனுப்பப்பட்டு, கட்டிய தொகை போக உண்மையாக நின்ற பாக்கியைத் தவணைகளில் செலுத்துவதென முடிவாயிற்று. கடன் இல்லை என்று அம்மையார் ஒருபோதும் சாதிக்கவில்லை. கொடுத்ததைக் கழித்துக்கொண்டு கேட்கவேண்டும் என்பதே அவர் வழக்கு. அந்த நேர்மையே இணக்கத்திற்கு வழி செய்தது எனலாம்.

கடைசித் தவணை கட்டியபின் ரசீது ஆவணம் பதிவாயிற்று. புதிய வில்லங்கச் சான்றை நமக்குக் கொண்டுவந்து காட்டிய அம்மையார், “அடமானம் இன்னும் இதில் இருக்கிறதே ஐயா?” என்று கலங்கினார். பழைய பதிவு அழிந்துவிடுவதில்லை, அது தீர்ந்தது என்பதைக் காட்டும் ரசீதுப் பதிவும் உடன் சேர்ந்திருக்கிறது என்று அவ்வரியைச் சுட்டிக் காட்டினோம். அவர் அதை இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டபின், சான்றை மடித்து அந்த நோட்டுப் புத்தகத்தின் நடுவில் வைத்துக்கொண்டார். அடுத்த ஆய்வுக்குச் சென்றபோது அவ்வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது.

அங்கத்தினர்களே, வீட்டைப் பற்றி ஒரு காகிதம் வந்தால் அதை வாங்குங்கள். தேதியைக் குறித்துக் கொள்ளுங்கள். பெட்டியிலுள்ள ரசீதுகளை எடுங்கள். ஒரு வாரத்திற்குள் சட்டப் பணிகள் குழுவின் படி ஏறுங்கள். உங்கள் தெருவில் வேறு ஒருவருக்கு அத்தகைய காகிதம் வந்ததாகக் கேள்விப்பட்டால், அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.